கடிவாய்க்கு மேலே

இல்ல தம்பி, என் பேத்தி இல்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. போன தடவை இந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற வாட்ச்மேனும் கேட்டாரு. உள்ள புதுக்கால் போட்டுப் பாக்கப் போயிருக்கிற பிள்ளை பேரு யோகலட்சுமி. பத்தாவது படிக்குது. செயற்கைக் கால். வளர்ற பிள்ளைல்ல, போட்ட கால் சின்னதாப் போயிருது, மாத்தி மாத்திப் போடணும். கூடப் போச்சே பச்சைச் சேலை, அது அம்மா இல்ல. அது இளஞ்சியம். என் மாணவி.

நீங்க அப்பாவுக்கா வந்திருக்கீங்க? சக்கரையா? ம். சக்கரை மனுசனை விரல் விரலாத் தின்னுரும். உக்காருங்க, இங்கே சீக்கிரம் கூப்பிட மாட்டாங்க. இந்தப் பெஞ்சுல ஃபேன் காத்து கொஞ்சம் வரும், இப்படித் தள்ளி உக்காருங்க.

நான் கதிரேசன். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துல விரிவுரையாளரா இருந்தேன். இப்ப ரிட்டயர்டு. ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் வாத்தியார் ஆகப்போற பிள்ளைங்களுக்கு, அறிவியலை எப்படி நடத்துறதுன்னு சொல்லிக் கொடுக்கிற வேலை. கவனிங்க, அறிவியல் சொல்லிக் கொடுக்கிற வேலை இல்ல. நடத்தச் சொல்லிக் கொடுக்கிற வேலை. ரெண்டும் வேற. இது என் சம்சாரத்துக்கே கடைசி வரைக்கும் புரியல. "அப்ப நீங்க என்னதான் பாடம் எடுக்குறீங்க"ன்னு கேப்பா.

நல்ல பேரு எனக்கு. நானே சொல்லக்கூடாது. ஆனா எங்க மாவட்டத்துல எந்தத் தொடக்கப் பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சாலும், "சார், நீங்களா"ன்னு ஒரு டீச்சர் எந்திரிச்சு வரும். எல்லாம் நம்ம கையில படிச்சதுங்க. இளஞ்சியம் ஒருத்திதான் என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிறா. ஆறு வருஷம் ஆச்சு. ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்தப் பிள்ளைக்குக் கால் மாத்துற அன்னிக்கெல்லாம் நான் வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்துக்குவேன். பிள்ளையைப் பாக்க வந்தேன்னு வெளியே சொல்லிக்கிறது. உங்ககிட்ட என்ன மறைக்க, நீங்க யாரோ நான் யாரோ. அவ ஒரு வார்த்தை பேசமாட்டாளான்னுதான் வர்றேன். திட்டினாக்கூடப் போதும்.

அவ என்கிட்ட வந்து சேர்ந்தப்ப வாயே திறக்காது தம்பி. அப்பா இல்லாத பிள்ளை. அம்மா சத்துணவுல ஆயா. அந்தம்மா மாசத்துக்கு ஒருக்க வந்து, ஸ்டாஃப் ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்கும். "சார், எம்மக டீச்சராயிருமா சார்?" அதே கேள்விதான் எப்பவும். நான் சொல்லுவேன், "ஆக்காம விடமாட்டேன், போங்க."

கரும்பலகை எழுத்து அவ்வளவு அழகா இருக்கும். ஆனா குரல் வராது. எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, கூடப் படிக்கிறவங்களையே மூணாப்பு நாலாப்புப் பிள்ளைங்க மாதிரி உக்கார வச்சுப் பாடம் எடுக்கச் சொல்லுவோம். மீசை வச்ச பயலுக எல்லாம் "டீச்சர் ஒண்ணுக்கு"ன்னு விரலைக் காட்டும். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே எடுத்து முடிச்சுருவாங்க. இவ மட்டும் சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதுருவா. சரி, இந்தப் பிள்ளையை இப்படி விட்டா ஆகாதுன்னு நானே தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சேன். "நீ பேசவே வேண்டாம்த்தா. பிள்ளைங்களைச் செய்ய வை. பாட வை. அவங்க போடுற சத்தத்துல உன் குரல் தானா வரும்"னு சொன்னேன். வந்துச்சா இல்லையா? வந்துச்சு. அதுல எனக்கு இருந்த சந்தோசம், என் மக வேலைக்குப் போனப்பகூட இல்ல.

ரெண்டாம் வருஷம் கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பினோம். சுத்திலும் கருவேலங்காடு. சனங்க பூராவும் கரிமூட்டம் போடுறவங்க. வெறகை வெட்டி அடுக்கி, மண்ணைப் போட்டு மூடித் தீ வச்சா, நாள்கணக்குல புகையும். அது நடுவுல பத்தி எரிஞ்சிரக் கூடாதுன்னு காவல் இருக்கணும். ராத்திரி வீட்டுக்கே வரமாட்டாங்க. அந்த ஊர்ல எந்தப் பாடம் நடத்தினா நல்லாருக்கும், நீங்களே சொல்லுங்க. நான்தான் சொன்னேன், நாலாப்புல முதலுதவிப் பாடத்தை எடு, அதுல பாம்புக்கடியை எடுன்னு. காட்டுக்குள்ள அலையுற பிள்ளைங்க. வாழ்க்கையோட ஒட்டின பாடம். உற்றுநோக்க வர்ற அதிகாரி அதைத்தான் முதல்ல பாப்பார்.

துணைக்கருவி என்னன்னு கேட்டா. சார்ட் வரையவான்னா. நான் சொன்னேன், "எதுக்குச் சார்ட்டு? பொம்பளைப் பிள்ளைங்க தலையிலேயே ரிப்பன் இருக்கு. அவுத்துக் கால்ல கட்டச் சொல்லு. ஜோடி ஜோடியா உக்கார வை. ஒருத்தி கடிபட்டவ, ஒருத்தி கட்டுப் போடுறவ. அப்புறம் மாத்திக்கட்டும்." தம்பி, இத்தனை வருஷ சர்வீஸ்ல இதைவிட நல்ல துணைக்கருவி நான் கண்டுபிடிச்சதில்ல. செலவே இல்ல. ஊர் ஊருக்கு இருக்கிற பொருள்.

பாட்டும் நானே கட்டிக் கொடுத்தேன்.

கடிவாய்க்கு மேலே கட்டு,
கயிறோ துணியோ இறுக்கிக் கட்டு,
டாக்டர் வந்து தொடுற மட்டும்
யாரையும் அவுக்க விடாதே கட்டு.

எப்படி? ஓசை வருதா? எங்க நிறுவனத்துக் கையேட்டுல இதே சங்கதி ஒரு பக்கம் உரைநடையா இருக்கும். அறிவியல் பகுதி நான் தொகுத்ததுதான். அதுல கட்டை அப்பப்பக் கொஞ்சம் தளர்த்தணும்னு ஒரு வரி உண்டு. நாலாப்புப் பிள்ளைக்கு மணி பாக்கத் தெரியுமா? அதனால அதை எடுத்துட்டேன். டாக்டர்கிட்டப் போகணும்னு ஒரு வரி. அதைப் பாட்டுக்குள்ள கொண்டு வந்தா இடிக்குது. "டாக்டர் வந்து"ன்னு மாத்தினேன், சரியா உக்காந்துச்சு. பாட்டுன்னா பிள்ளை வாயில நிக்கணும் தம்பி. நிக்கலைன்னா அது பாட்டே இல்ல.

இதுக்கு முன்னாடி இன்னொண்ணு நடந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து ஒரு சின்ன வயசு டாக்டர் எங்க பிள்ளைங்களுக்குப் பேச வந்திருந்தார். வந்தவர் வந்த வேலையைப் பாத்துட்டுப் போகலாம்ல? பாம்பு கடிச்சாக் கட்டவே கூடாது, அசைக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க, கட்டினா அந்த இடம் அழுகிப்போகும், அப்படி இப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டார். என் கையேட்டைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. என் மாணவங்க முன்னாடி, நான் அங்கே உக்காந்திருக்கிறப்பவே. சரி, படிச்சவர், சொல்லட்டும். ஆனா பரீட்சைத்தாள் திருத்துறவன் எதைப் பாத்து மார்க் போடுவான்? கையேட்டைப் பாத்துத்தானே?

இளஞ்சியத்துக்கு அது மனசுல ஓடிக்கிட்டே இருந்திருக்கு. பாடத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பாடக்குறிப்பை எடுத்துக்கிட்டு வந்தவ, கையெழுத்து வாங்காம நிக்கிறா. "என்னத்தா"ன்னேன். "சார், அன்னிக்கு அந்த டாக்டர் கட்டக்கூடாதுன்னாரே சார்." எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "இந்தக் குறிப்புல கையெழுத்துப் போடப்போறது அவரா, நானா?"ன்னு கேட்டேன். கோவமாக் கேக்கல. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். அவளும் சிரிச்சா. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பாடத்தை நீங்க பாத்திருக்கணும் தம்பி. நானும் அதிகாரியும் பின்பெஞ்சுல உக்காந்திருந்தோம். ஒரு பிள்ளை சும்மா இல்ல. ரிப்பனை அவுத்தாச்சு, கட்டியாச்சு, பாடியாச்சு. இளஞ்சியம் நடுவுல நின்னு கைதட்டுறா, அந்தக் குரல் வெளியில ரோடு வரைக்கும் கேக்குது. இதே யோகலட்சுமி அப்ப முதல் பெஞ்சுல இருந்துச்சு. அது கட்டின கட்டைக் காமிச்சு அதிகாரி, "பாருங்க, எவ்வளவு நேர்த்தி"ன்னாரு. பாடம் முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. இளஞ்சியத்தோட அம்மாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அந்தம்மா போன்லயே அழுதுருச்சு. பாடத்துல ஒரு குறை சொல்ல முடியாது. இன்னிக்கும் சொல்றேன், குறை சொல்ல முடியாது.

அடுத்த மாசமே அது நடந்துபோச்சு.

யோகலட்சுமியோட அப்பன் ஆத்தா மூட்டத்துல காவலுக்குப் போயிருந்தாங்க. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. இது வெறகு பெறக்கப் போன இடத்துல கால்ல ஏதோ கடிச்சிருச்சு. பாம்பு ஓடினதைக் கண்ணால பாத்திருக்கு. வேற பிள்ளையா இருந்தா அலறியடிச்சு ஓடியிருக்கும். இது உக்காந்து ரிப்பனை அவுத்து, கடிவாய்க்கு மேலே கட்டி, குச்சியை வச்சு முறுக்கி இறுக்கியிருக்கு. குச்சி வைக்கிறது நாங்க சொல்லிக் கொடுக்காதது. அதுவாச் செஞ்சது. அப்புறம் நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உக்காந்துக்கிச்சு.

பக்கத்து வீட்டு அம்மா பாத்துட்டு, "என்னடி இது கால் வீங்குது, அவுத்து விடுறேன்"னு வந்திருக்கு. விடலை தம்பி. "டாக்டர் வருவாரு, அவருதான் அவுக்கணும், டீச்சர் சொல்லியிருக்காங்க"ன்னு கையைத் தட்டிவிட்டிருச்சாம். வலி தாங்காம அழுதிருக்கு, ஆனா அவுக்க விடலை. அந்தம்மாவும், பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளை சொல்லுது, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டு, அப்பனுக்குப் போன் அடிச்சிருக்கு. காட்டுக்குள்ள எங்க டவர் கிடைக்கும். பிள்ளை டாக்டர் வருவார் வருவார்னு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கு. ஆத்தா மறுநாள் காலையில வந்து பாக்குறப்ப, கால் கரிக்கட்டையா இருந்துச்சாம். அப்பக்கூட ஆத்தாளை அவுக்க விடலையாம்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க.

கடிச்சது சாரை தம்பி. விஷமே இல்லாத பாம்பு. பிள்ளை பாத்த பாம்போட அடையாளத்தைக் கேட்டு, ரத்தத்தையும் சோதிச்சுப் பாத்துட்டு இங்கதான் சொன்னாங்க, உடம்புல துளி விஷம் இல்லைன்னு. சும்மா விட்டிருந்தாச் சாயங்காலம் விளையாடப் போயிருக்கும்னு ஒரு டாக்டர் சொன்னாராம். அந்த வார்த்தையை ஒரு பெத்தவகிட்ட எதுக்குச் சொல்லணும்? அதைக் கேட்ட அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இறங்கல. நீங்க என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு நினைக்கக் கூடாது.

ஊரே பள்ளிக்கூடத்துல கூடிருச்சு. தலைமையாசிரியர், எங்க முதல்வர், நான், இளஞ்சியம் எல்லாரும் உள்ள உக்காந்திருக்கோம். வெளியில சத்தம். அந்தப் பிள்ளையோட அப்பன் கரி அப்பின கையோட வந்து நின்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "எம்மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

இளஞ்சியம் என்னைப் பாத்தா.

நான் மேசை மேல இருந்த டஸ்டரைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல என்ன பேசுறது, நீங்களே சொல்லுங்க. வெளியில அத்தனை பேரு. எனக்கு ரிட்டயர்மெண்டுக்குச் சில மாசம். மகளுக்கு நிச்சயம் பண்ணியிருக்கோம். கையேட்டுல இருக்குன்னு சொன்னா அது யாருக்குப் புரியும்? கொஞ்சம் பொறுத்து, சத்தம் அடங்கட்டும், அப்புறம் விளக்கமா எடுத்துச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவளே எந்திரிச்சுட்டா. "நானாத்தான் சொல்லிக் கொடுத்தேன். சாருக்கு எதுவும் தெரியாது"ன்னுட்டா.

அவளே சொல்லிட்டா தம்பி. யாரும் சொல்லச் சொல்லல. அவ வாயால, எல்லார் முன்னாடியும். அதுக்கப்புறம் நான் எந்திரிச்சு இல்லைன்னா, இளஞ்சியத்தைப் பொய் சொன்னவளா ஆக்கினதா ஆகாதா?

யோகலட்சுமியோட ஆத்தா ஓடிவந்து இவ முடியைப் பிடிச்சு அடிச்சிருச்சு. நான்தான் விலக்கிவிட்டேன். என் சட்டை கிழிஞ்சுபோச்சு.

பரீட்சைக்கு அவ வரல. ஹால் டிக்கெட்டோட அவ வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கல. அவ அம்மா மட்டும் வெளியே வந்து, எப்பவும் போலக் கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. கேள்வி ஒண்ணும் கேக்கல. நானும் திண்டாடிப்போய் ஹால் டிக்கெட்டை அந்தம்மா கையில கொடுத்துட்டு வந்துட்டேன். இளஞ்சியம் இப்ப ஜவுளிக்கடையில சேலை எடுத்துக் காட்டுற வேலை பாக்குறா. அந்தக் கையெழுத்துக்கும் அந்தக் குரலுக்கும் ஜவுளிக்கடை. ரெண்டு தடவை அந்தக் கடைக்குப் போனேன். எனக்குச் சேலை என்னத்துக்கு, சம்சாரமும் போய்ச் சேர்ந்துட்டா. சும்மா போனேன். என்னைப் பாத்ததும் வேற பொண்ணை அனுப்பிட்டு மாடிக்குப் போயிட்டா.

அவளுக்கு என் மேல என்ன கோவம்னு நானும் ஆறு வருஷமா யோசிக்கிறேன். கைதூக்கிவிட்டவன் நான். குரலைக் கொடுத்தவன் நான்.

ஆனா ஒண்ணு. யோகலட்சுமியை அவ விடல. முதல்ல அந்த வீட்டு வாசலை மிதிக்க விடல அவங்க. தண்ணியை எடுத்து மேல ஊத்தியிருக்காங்க. தினம் போய் நின்னுருக்கா. பிள்ளைக்குக் கக்கத்துல கட்டை வச்சு நடக்கப் பழக்குனது அவ. இங்க கூட்டிட்டு வர்றது அவ. கடையில சம்பளம் பிடிச்சாலும் வந்துருவா. இப்ப அந்தப் பிள்ளைக்கு இளஞ்சியம் அக்கா இல்லாம ஆகாது. ஆத்தாளுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறல. இளஞ்சியம் போனா வாசல்லதான் நிப்பா, உள்ள கூப்பிட மாட்டாங்க. நான் போனா நாற்காலியைத் துடைச்சுப் போடுவாங்க. காப்பி கொடுப்பாங்க. "சார் எவ்வளவு பெரிய மனுசன். அவரு ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தும், அந்தச் சிறுக்கி எம்பிள்ளைக்கு மாத்திச் சொல்லிட்டாளே"ன்னு ஆத்தா சொல்லும். நான் காப்பியைக் குடிப்பேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஆறின புண்ணைக் கிளறி யாருக்கு லாபம்? இன்னிக்குக் கால் மாத்துறாங்கன்னு எனக்குத் தேதி சொன்னதும் அந்தம்மாதான்.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? முகம் சொல்லுதுல்ல. நீங்க அந்த இடத்துல இருந்திருந்தா எந்திரிச்சிருப்பீங்களா? எல்லாரும் எந்திரிச்சிருப்போம்னுதான் நினைப்பாங்க. இருந்து பாத்தாத்தான் தெரியும்.

எனக்கு அவ ஒரு வார்த்தை பேசணும், அவ்வளவுதான். "நல்லாருக்கீங்களா"ன்னு கேக்கட்டும். இல்ல, "ஏன் சார் பேசாம இருந்தீங்க"ன்னு கேக்கட்டும். கேட்டா நான் பதில் வச்சிருக்கேன். ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு அந்தப் பதிலைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன். அவதான் கேக்க மாட்டேங்கிறா.

இருங்க, கதவு திறக்குது. பிள்ளை புதுக்காலோட வருது போல. முதல் தடவை நடக்குறப்பக் கொஞ்சம் தடுமாறும், யாராவது எதிர்ல நின்னு கையை நீட்டணும். நான் போய் நிக்கிறேன். இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க.

... அம்மாடி. உக்காந்துக்கிறேன். கொஞ்சம் தண்ணி இருந்தாக் கொடுங்க தம்பி.

பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நான் வாசல்ல போய் நின்னு ரெண்டு கையையும் நீட்டினேன். பிள்ளை சிரிச்சுச்சு. பின்னாடியே இளஞ்சியம் வந்தா. என்னை நேராப் பாத்தா தம்பி, கண்ணை எடுக்காமப் பாத்தா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், பிள்ளை நடக்கணும்"னா. நான் தள்ளிட்டேன். பிள்ளை யாரையும் பிடிக்காம அந்தத் தூண் வரைக்கும் நடந்து போச்சு. ரெண்டு பேரும் படியில இறங்கிப் போயிட்டாங்க.

பேசிட்டா. ஆறு வருஷத்துக்கு அப்புறம் பேசிட்டா. சார்னு கூப்பிட்டா. நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க, உங்களுக்குக் கேட்டுச்சுல்ல தம்பி?